எந்தக் கதிர்வீச்சு? எவ்வளவு கதிர்வீச்சு?

தமிழ்நாட்டில் மின்காந்த அலைக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஏலம் போகும்போது அதன் பெயர் அலைக்கற்றை. மொட்டை மாடியில் டவர் ஏறும்போது அதன் பெயர் கதிர்வீச்சு. முதல் பெயரைக் கேட்டால் ஊழல் ஞாபகம் வரும், இரண்டாவது பெயரைக் கேட்டால் புற்றுநோய் ஞாபகம் வரும். சரி, அது உண்மையில் என்ன என்று கேட்டால்... பிளஸ் டூ இயற்பியலில் ஒரு கேள்வி, சாய்ஸில் விட்டுவிடலாம்!

2010இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 1.76 லட்சம் கோடி ரூபாய் உத்தேச இழப்பு என்று அறிக்கை கொடுத்தார். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுதலை செய்தது. ஏழு வருடம் டீக்கடை பெஞ்ச் முதல் டிவி விவாதம் வரை அலைக்கற்றையைத் தவிர வேறு பேச்சில்லை. அந்த ஏழு வருடத்தில் "அப்படி என்னத்தைத்தான் விற்றார்கள்? எடை போட முடியுமா, கையில் பிடிக்க முடியுமா?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? 2022இல் 5ஜி ஏலத்தில் அதே சரக்கு சுமார் 1.5 லட்சம் கோடிக்கு மறுபடி போனது. அப்போதும் யாரும் கேட்கவில்லை.

கேட்காமல் விட்டதால் வந்த நஷ்டம் பணமாக மட்டும் வரவில்லை. உயிராகவும் வந்திருக்கிறது. அதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு தெரு, இரண்டு காட்சிகள்

எந்த நகரத்திலும் பார்க்கக்கூடிய காட்சி இது. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் சங்கக் கூட்டம். பக்கத்துக் கட்டடத்து மாடியில் செல்போன் டவர் வரப்போகிறதாம். ஆளாளுக்கு எழுந்து ஆவேசமாகப் பேசுகிறார்கள். கர்ப்பிணிகள் இருக்கிறார்கள், குழந்தைகள் இருக்கிறார்கள், கதிர்வீச்சு வரும், உயிரோடு விளையாடாதே! கையெழுத்து வாங்குகிறார்கள். கலெக்டருக்கு மனு போகிறது. பேசியவரின் சட்டைப் பையில், நெஞ்சோடு ஒட்டி, ஒரு செல்போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.

அதே தெருவின் முனையில் ஒரு வெல்டிங் பட்டறை. அங்கே வேலை பார்க்கும் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. அந்தக் குடியிருப்புக்குத்தான் ஜன்னல் கிரில் பற்றவைத்துக்கொண்டிருக்கிறான். முகக் கவசம் கிடையாது. ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு மறு கையால் பற்றவைக்கிறான். இரவு கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டது போல எரியும், தண்ணீர் கொட்டும், தூக்கம் வராது. மறுநாள் மறுபடி வேலைக்கு வருவான்.

அவன் கண்ணைச் சுட்டதும் கதிர்வீச்சுதான். புற ஊதாக் கதிர்வீச்சு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, வெல்டிங்கில் இருந்து வரும் புற ஊதாக் கதிரையும் வெல்டிங் புகையையும் "புற்றுநோய் உண்டாக்குவது உறுதி" என்ற முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. செல்போன் அலை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் மனு போனது டவருக்கு எதிராக. பட்டறைப் பையனுக்காக ஒரு கையெழுத்துகூட இல்லை.

இது அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் மனு எழுதியவர்கள் பாதிப் பேர் பட்டதாரிகள். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. "கதிர்வீச்சு" என்ற ஒரே சாக்குப் பையில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டியதில் இருக்கிறது.

ஒரு குடும்பம், ஏழு பிள்ளைகள்

மின்காந்த அலை என்பது ஒரு பெரிய குடும்பம். ஏழு பிள்ளைகள். எல்லோரும் வெற்றிடத்தில் நொடிக்கு சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் என்ற ஒரே வேகத்தில் ஓடுகிறவர்கள். வித்தியாசம் அலைநீளத்தில் மட்டும்தான்.

மூத்தவன் ரேடியோ அலை. மீடியம் வேவ் அலை ஒன்றின் நீளம் சில நூறு மீட்டர் இருக்கும். இலங்கை வானொலி கடல் தாண்டி வந்து தமிழ்நாட்டு வீடுகளில் பாடியது இவன் தோளில் ஏறித்தான். அடுத்தவன் மைக்ரோவேவ். செல்போன், வைஃபை, ரேடார், சமையலறை அவன் எல்லாம் இந்த இருவரின் எல்லைக்குள்தான் வரும். 900 மெகாஹெர்ட்ஸ் செல்போன் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர், வைஃபை அலை சுமார் 12 சென்டிமீட்டர். மூன்றாவது அகச்சிவப்பு. அடுப்பருகே நிற்கும்போது முகத்தில் படும் சூடும் டிவி ரிமோட்டும் இவன் வேலை. நான்காவது கண்ணுக்குத் தெரியும் ஒளி. 400 முதல் 700 நானோமீட்டர் வரை உள்ள ஒரு சின்னச் சந்து. மனிதன் பார்த்த உலகம் முழுக்க அந்தச் சந்துக்குள்தான்! ஐந்தாவது புற ஊதா. ஆறாவது எக்ஸ் கதிர். கடைக்குட்டி காமா.

இவர்களைக் கண்டுபிடிக்க நூறு வருடம் ஆனது. 1800இல் வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகத்தில் சிவப்பு நிறத்துக்கு வெளியே, வெளிச்சமே இல்லாத இடத்தில் தெர்மாமீட்டரை வைத்தார். சூடு ஏறியது. அது அகச்சிவப்பு. அடுத்த வருடமே ரிட்டர் ஊதாவுக்கு வெளியே தேடி, வெள்ளி உப்பு கறுப்பதைக் கண்டார். அது புற ஊதா. 1865இல் மேக்ஸ்வெல் வெறும் சமன்பாடுகளை வைத்து ஒளியே ஒரு மின்காந்த அலைதான் என்றார். 1887இல் ஹெர்ட்ஸ் ரேடியோ அலையை ஆய்வகத்தில் உண்டாக்கிக் காட்டினார். 1895இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரையும் 1900இல் வில்லார்ட் காமா கதிரையும் கண்டுபிடித்தார்கள்.

இதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. 1895 வாக்கில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் மில்லிமீட்டர் அளவிலான அலைகளை உண்டாக்கி, தூரத்தில் இருந்த மணியை அடிக்க வைத்தார். "5ஜி என்பது இதுவரை உலகம் பார்க்காத புது அலை" என்று வாட்ஸ்அப்பில் பயமுறுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டிய சேதி இது. 5ஜியின் உயர்வரிசை அலைகள் போஸின் மேஜையில் பிறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கடைக்குட்டி கொலை செய்யக்கூடியவன் என்பதில் சந்தேகமில்லை. அதற்காக மூத்தவனை ஊரை விட்டுத் துரத்துவது என்ன நியாயம்? இன்னும் மோசம், மூத்தவனைத் துரத்துகிற மும்முரத்தில் கடைக்குட்டியைக் கவனிக்காமல் விட்டால்?

பஞ்சும் கல்லும்

மாமரத்தில் ஒரு மாங்காய் தொங்குகிறது. பஞ்சு உருண்டையால் எறிந்தால் விழுமா? ஒன்று எறிந்தாலும் விழாது, ஒரு லட்சம் எறிந்தாலும் விழாது. ஒரு கல் போதும், காம்பு முறிந்து விழும்.

மின்காந்த அலையும் இப்படித்தான் பொட்டலம் பொட்டலமாக வருகிறது. அந்தப் பொட்டலத்துக்கு ஃபோட்டான் என்று பெயர். 1905இல் ஐன்ஸ்டீன் சொன்னது, பிறகு நோபல் பரிசும் வாங்கித் தந்தது. ஒவ்வொரு பொட்டலத்திலும் எவ்வளவு ஆற்றல் இருக்கும் என்பது அலைநீளத்தைப் பொறுத்தது. அலை குட்டையாகக் குட்டையாகப் பொட்டலம் கனக்கும். உடம்பில் ஒரு மூலக்கூறின் பிணைப்பை முறிக்க, அதிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்தெடுக்க, ஒற்றைப் பொட்டலத்துக்குப் போதுமான கனம் வேண்டும். எக்ஸ் கதிருக்கும் காமாவுக்கும் அது இருக்கிறது. இவைதான் அயனியாக்கும் கதிர்வீச்சு. மரபணுவை நேராகப் போய் உடைக்கும். புற ஊதாவின் பெரும்பகுதி எலெக்ட்ரானைப் பிய்க்காது. ஆனால் மரபணுவின் பிணைப்புகளைக் கோணலாக்கும் அளவுக்குக் கனமானது. தோல் புற்றுநோய் அப்படித்தான் வருகிறது.

கணக்கு பிடித்தவர்களுக்கு ஒரு கணக்கு. வைஃபை அலையின் ஒரு பொட்டலத்தையும் கோபால்ட்-60 காமா கதிரின் ஒரு பொட்டலத்தையும் தராசில் வைத்தால், காமா பொட்டலம் சுமார் 12,500 கோடி மடங்கு கனம். லட்சத்தில் இல்லை, கோடியில் இல்லை, பன்னிரண்டாயிரம் கோடியில்! இந்த இரண்டுக்கும் தமிழில் ஒரே பெயர், கதிர்வீச்சு. ஒரு ரூபாய் கடன் வாங்கியவனையும் பன்னிரண்டாயிரம் கோடி கடன் வாங்கியவனையும் ஒரே வரியில் "கடன்காரர்கள்" என்று எழுதினால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

இன்னும் ஒன்று. கார்த்திகை தீபத்தன்று வாசலில் வைக்கும் அகல் விளக்கின் ஒளிப் பொட்டலம்கூட, வைஃபை பொட்டலத்தை விட ஏறத்தாழ இரண்டு லட்சம் மடங்கு கனம். அகல் விளக்குக்கு யாரும் மனு கொடுத்ததில்லை.

பஞ்சு உருண்டையால் எதுவுமே ஆகாதா? ஆகும். போதுமான அளவு எறிந்தால் சூடாகும். மைக்ரோவேவ் அடுப்பில் சோறு சூடாவது அப்படித்தான். அதனால்தான் செல்போனுக்கும் டவருக்கும் சக்தி வரம்பு வைத்திருக்கிறார்கள். இந்திய அரசு 2012 செப்டம்பரில் டவர்களுக்கான வரம்பைச் சர்வதேச வழிகாட்டு அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. தூரம் இரண்டு மடங்கானால் அலையின் அடர்த்தி நான்கில் ஒரு பங்காகிவிடும். டவர் எங்கோ மாடியில் இருக்கிறது, செல்போன் காதில் இருக்கிறது. அதோடு ஒரு வேடிக்கை, சிக்னல் மோசமாக இருந்தால் செல்போன் தன் சக்தியைக் கூட்டிக்கொண்டு கத்தும். போராடி டவரைத் துரத்தியவருக்குக் கிடைக்கும் பரிசு என்ன? முன்பை விட அதிக அலை, அதுவும் சொந்தக் காதருகே! அவசரத்துக்கு 108ஐக் கூப்பிட்டால் கிடைக்காது என்பது கொசுறு.

"2011இல் உலக சுகாதார நிறுவனமே சொன்னதே!" என்பார்கள். சொன்னது. செல்போன் அலையை "புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்" என்ற 2பி பட்டியலில் வைத்தது. சோற்றுக்கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியல் சொல்வது ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதை, ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை இல்லை. 2024இல் அதே உலக சுகாதார நிறுவனம் கேட்டு வாங்கிய பெரிய ஆய்வுத் தொகுப்பு, செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்று சொன்னது. இந்தச் சேதி எத்தனை குடும்ப வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போனது?

சிட்டுக்குருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018இல் வந்த '2.0' படம் செல்போன் கதிர்வீச்சு பறவைகளைக் கொல்கிறது என்று கோடிக் கணக்கான பேருக்குப் பாடம் நடத்தியது. 2020இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை 25 வருடமாக ஏறக்குறைய நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில் மட்டும் குறைந்திருக்கிறது என்றது. நகரத்தில் ஓட்டு வீடு போய்க் கான்கிரீட் வந்தது, கூடு கட்டப் பொந்து இல்லை, குஞ்சுக்குக் கொடுக்கப் பூச்சி இல்லை. பழியைக் கண்ணுக்குத் தெரியாத அலை மேல் போட்டுவிட்டால் யாரும் தன் வீட்டு வாசலைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. எவ்வளவு வசதி!

பயம் என்னும் வியாபாரம்

பயம் இருக்கும் இடத்தில் கடை திறந்தே தீரும். இது வணிகவியலின் முதல் பாடம், பாடப்புத்தகத்தில் மட்டும் இருக்காது.

நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில் ரேடியம் கலந்த தண்ணீரை டானிக் என்று பாட்டிலில் விற்றார்கள். ரேடிதார் என்று பெயர். அதைப் பாட்டில் பாட்டிலாகக் குடித்த ஈபென் பையர்ஸ் என்ற பணக்காரர் தாடை எலும்பு அரித்துப் போய் 1932இல் செத்தார். செருப்புக் கடைகளில் கால் அளவு பார்க்க எக்ஸ்ரே பெட்டி வைத்திருந்தார்கள், குழந்தைகள் விளையாட்டாகக் காலை விட்டு எலும்பைப் பார்த்தார்கள்.

இன்று? செல்போன் பின்னால் ஒட்டும் "கதிர்வீச்சு எதிர்ப்பு" ஸ்டிக்கர், பதக்கம், கைப்பட்டை. 2020 அக்டோபரில் ராஷ்ட்ரிய காமதேனு ஆயோக்கின் தலைவர், செல்போன் கதிர்வீச்சைக் குறைக்கும் என்று சொல்லிச் சாணத்தில் செய்த சிப் ஒன்றை மேடையில் அறிமுகம் செய்தார். அன்று கதிர்வீச்சை விற்றார்கள், இன்று கதிர்வீச்சில் இருந்து பாதுகாப்பை விற்கிறார்கள். கடை ஒன்றுதான், போர்டு மட்டும் மாறியிருக்கிறது.

இந்தக் கதையின் உச்சம் 2021 டிசம்பரில் நெதர்லாந்தில் நடந்தது. 5ஜியில் இருந்து காக்கும் என்று விற்கப்பட்ட பொருட்களை அந்த நாட்டின் அணுப் பாதுகாப்பு ஆணையம் வாங்கிச் சோதித்தது. பதக்கம், தூங்கும்போது கட்டும் கண்மூடி, குழந்தைகளுக்கான கைப்பட்டை என்று பத்துப் பொருட்கள். பத்துமே கதிரியக்கம் உள்ளவை! அயனியாக்கும் கதிர்வீச்சை வெளியிடுபவை! உடனே கழற்றி, ஒரு பெட்டியில் போட்டு மூடி வையுங்கள் என்று ஆணையம் எச்சரித்தது.

பஞ்சுக்குப் பயந்து, பணம் கொடுத்துக் கல்லை வாங்கிக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டுக் கட்டினால் இதுதான் நடக்கும்.

மாயாபுரி

நெதர்லாந்துக் கதை சிரிக்க வைக்கும். டெல்லிக் கதை அப்படியில்லை.

டெல்லி பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் ஆராய்ச்சிக்காக வாங்கிய காமா கதிர்க் கருவி ஒன்று இருந்தது. உள்ளே கோபால்ட்-60. ஏறத்தாழ கால் நூற்றாண்டாக அதை யாரும் பயன்படுத்தவில்லை. 2010 பிப்ரவரியில் பழைய சாமான்களோடு சேர்த்து அதையும் ஏலத்தில் விட்டுவிட்டார்கள். அது மேற்கு டெல்லியின் மாயாபுரிக் காயலான் கடைகளுக்குப் போனது. பித்தளை, செம்பு, ஈயம் எனப் பிரித்து எடைக்கு விற்கிற இடம் அது. அங்கே ஈயக் கவசத்தை உடைத்தார்கள். உள்ளே இருந்த உலோகம் துண்டு துண்டாகக் கை மாறியது. ஒருவர் ஒரு துண்டைத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டு அலைந்தார்.

ஏப்ரலில் ஆஸ்பத்திரிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தோல் கறுத்தது, முடி கொட்டியது, வாந்தி நிற்கவில்லை. மாத இறுதியில் ஒரு கூலித் தொழிலாளி இறந்தார். வேறு சிலர் தீக்காயம் போன்ற கதிர்க் காயங்களோடு பிழைத்தார்கள். சர்வதேச அணு நிகழ்வு அளவுகோலில் அது நான்காம் நிலை விபத்து.

இதில் கணக்குப்பதிவியல் படிக்கிறவர்களின் கவனத்துக்கு ஒரு விஷயம். பல்கலைக்கழகத்தின் கணக்குப் புத்தகத்தில் அந்தக் கருவி பழைய இரும்பு. கோபால்ட் தன் கணக்கைத் தானே எழுதிக்கொள்ளும். 5.27 வருடத்துக்கு ஒரு முறை பாதியாகும். அதாவது அப்பட்டமான குறைந்து செல் மதிப்பு முறை! அந்த முறையில் சொத்தின் மதிப்பு எப்போதும் சுழியத்தைத் தொடாது என்று பிளஸ் ஒன்னிலேயே சொல்லித் தருகிறார்கள். ஐந்து தடவை பாதியானாலும் முப்பத்திரண்டில் ஒரு பங்கு பாக்கி இருக்கும். அந்தப் பாக்கிதான் ஒரு மனிதனைக் கொன்றது.

அந்த ஏலத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் படிக்காதவர்களா? உடைத்தவர்களுக்குத்தான் யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. இதற்கு முன் 1987இல் பிரேசிலின் கோயானியாவிலும் இதே கதைதான். கைவிடப்பட்ட ஆஸ்பத்திரிக் கருவியில் இருந்த சீசியம்-137 காயலான் கடைக்குப் போனது. இருட்டில் நீலமாக ஒளிர்ந்த பொடியை அழகு என்று வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். நான்கு பேர் இறந்தார்கள், அதில் ஒரு ஆறு வயதுச் சிறுமி. பாடம் உலகத்துக்கே தெரிந்து 23 வருடம் கழித்து மாயாபுரி நடந்தது.

டவர் எதிர்ப்பு மனுவில் செலவான காகிதத்தில் ஒரு சின்னப் பங்கை, காமா கதிரின் எச்சரிக்கைச் சின்னமான மூன்று இதழ் படத்தைக் காயலான் கடைச் சுவர்களில் ஒட்டச் செலவழித்திருந்தால்?

எதிர்க் கேள்விகள்

"எச்சரிக்கையாக இருப்பதில் என்ன நஷ்டம்?" நஷ்டம் உண்டு. அதற்குப் பெயர் வாய்ப்புச் செலவு. பயமும் கவனமும் அளவோடு கிடைக்கிற சரக்கு. அதை டவர் மேல் கொட்டிவிட்டால் உண்மையான இடத்துக்கு மிச்சம் இருக்காது. சென்னையின் கோடை உச்சிவெயிலில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது சாதாரணம். வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்பளத் தொழிலாளிகளுக்கு வெயில் மேலே இருந்தும் அடிக்கும், வெள்ளை உப்பில் பட்டுக் கீழே இருந்தும் அடிக்கும். கண்புரைக்கும் கண்ணில் சதை வளர்வதற்கும் புற ஊதா ஒரு காரணம் என்று மருத்துவம் சொல்கிறது. ஒரு கறுப்புக் கண்ணாடி கேட்டு அவர்களுக்காக எந்தக் குடியிருப்பு சங்கம் மனு போட்டது?

வயிற்றுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் உடம்புக்குக் கிடைப்பது சுமார் 8 முதல் 10 மில்லிசீவெர்ட். இயற்கையில் இருந்து உலகச் சராசரி மனிதருக்கு வருடத்துக்குக் கிடைப்பது 2.4. ஆக ஒரு ஸ்கேன், மூன்று நான்கு வருடத்துக்குச் சமம். தேவைப்பட்டால் எடுத்தே ஆக வேண்டும், உயிரைக் காப்பாற்றுகிற கருவி அது. ஆனால் 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், லேசான காய்ச்சலுக்கெல்லாம் ஸ்கேன் எடுக்க வரிசையில் நின்றார்கள். தேவையில்லாமல் எடுக்காதீர்கள் என்று எய்ம்ஸ் இயக்குநராக இருந்த குலேரியா கெஞ்ச வேண்டி வந்தது. (அவர் சொன்ன ஒப்பீட்டு எண் பழைய கணக்கு என்று ஸ்கேன் மருத்துவர்கள் மறுத்தார்கள். தேவையில்லாமல் எடுக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.) அதே மே மாதத்தில்தான், 5ஜி டவரால் கொரோனா பரவுகிறது என்ற வதந்தியும் ஓடியது. எக்ஸ் கதிருக்கு வரிசை, ரேடியோ அலைக்கு வசை!

"கம்பெனிக்காரன் சொல்வதை நம்பச் சொல்கிறாயா?" நம்ப வேண்டாம். கடிகார முகப்பில் ரேடியம் பூசிய அமெரிக்கப் பெண்கள், தூரிகையை உதட்டில் வைத்துக் கூர்மையாக்கச் சொல்லப்பட்டார்கள். ஆபத்தில்லை என்று கம்பெனி சொன்னது. தாடை அழுகிச் செத்தார்கள். வழக்குப் போட்டு 1928இல்தான் இழப்பீடு வாங்க முடிந்தது. ஆனால் அங்கே கம்பெனியின் பொய்யை உடைத்தது எது? ஹாரிசன் மார்ட்லேண்ட் என்ற மருத்துவர் 1925இல் அந்தப் பெண்களின் உடம்பில், மூச்சுக் காற்றில் கதிரியக்கத்தை அளந்து காட்டினார். வதந்தியால் எந்தக் கம்பெனியும் தோற்றதில்லை, அளவுகோலால்தான் தோற்றிருக்கிறது. டவர் மேல் சந்தேகமா? தொலைத்தொடர்புத் துறை 2017இல் தொடங்கிய 'தரங் சஞ்சார்' இணையதளம் அதற்காகத்தான் வந்தது. கட்டணம் கட்டி, வந்து அளந்து காட்டு என்று கேட்க வழி செய்தார்கள். போராட்டமே வேண்டாம் என்பதில்லை, எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போராட வேண்டும்.

"அப்படியென்றால் கூடங்குளத்தில் போராடியவர்களும் முட்டாள்களா?" இல்லவே இல்லை. 2011இல் ஃபுகுஷிமாவைப் பார்த்த பிறகு இடிந்தகரை மக்கள் கேட்டது அயனியாக்கும் கதிர்வீச்சைப் பற்றி. கழிவை எங்கே வைப்பாய், விபத்து நடந்தால் எங்களை எப்படி வெளியேற்றுவாய் என்று கேட்டார்கள். சரியான கதிரைப் பற்றிய சரியான கேள்வி, பதில் எதுவாக இருந்தாலும். ஆனால் சொல்லின் குழப்பம் அங்கேயும் புகுந்துவிட்டது. "வாழைப்பழத்தில்கூடக் கதிர்வீச்சு இருக்கிறது, செல்போனில்கூட இருக்கிறது, அதற்குப் பயப்படுகிறீர்களா?" என்று மடக்குகிறவர்கள் உண்டு. டவருக்குப் பயப்படுகிறவர் பஞ்சைக் கல் என்கிறார். இவர்கள் கல்லைப் பஞ்சு என்கிறார்கள். இரண்டு பக்கமும் அதே சாக்குப் பையைத்தான் தூக்கிக்கொண்டு அலைகின்றன. அளந்து பேசாத ஊரில் ஏமாற்றுகிறவனுக்கும் லாபம், பயமுறுத்துகிறவனுக்கும் லாபம்.

இரண்டே கேள்வி

இதற்கு இயற்பியல் பட்டம் தேவையில்லை. காய்கறிக் கடைக்குப் போகிற யாரும் "காய் கொடு" என்று மட்டும் கேட்பதில்லை. எந்தக் காய், எவ்வளவு என்று இரண்டு கேள்வி கேட்காமல் பையை நீட்டுவதில்லை. பிறகு கதிர்வீச்சு என்றால் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டும்?

யாராவது "கதிர்வீச்சு" என்று ஆரம்பித்தால் உடனே கேட்கலாம். எந்தக் கதிர்வீச்சு? எவ்வளவு? ஸ்டிக்கர் விற்கிறவனிடம் கேட்கலாம், அவன் அடுத்த கடைக்குப் போய்விடுவான். ஸ்கேன் எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடம் கேட்கலாம், நல்ல மருத்துவர் பதில் சொல்வார். பழைய கருவியை ஏலம் விடும் கல்லூரியிடமும் அணு உலை கட்டும் அரசாங்கத்திடமும் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்.

தெருமுனைப் பட்டறையில் அந்தப் பையன் இன்னும் வெறும் கண்ணோடுதான் பற்றவைத்துக்கொண்டிருக்கிறான். கறுப்புக் கண்ணாடி பதித்த முகக் கவசம் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். டவருக்கு எதிராக அடுத்த கையெழுத்து வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள், போகிற வழியில் அதை ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகட்டும். கதிர்வீச்சுக்கு எதிராக அவர்கள் செய்த உருப்படியான முதல் வேலை அதுவாக இருக்கும்.